டிராகனுக்குக் கண் திறக்கும் இடம்: மையக் கருத்தை அழுத்திச் சொல்ல ஒரு சீனத் தொடர்

நவராத்திரிக்குச் சில வாரங்களுக்கு முன்பு கடலூர் வண்டிப்பாளையத்தில் பொம்மை செய்யும் வீடு ஒன்றின் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரிசையாக முப்பது லட்சுமிகள் காய்ந்துகொண்டிருந்தனர். புடவைக்குச் சரிகை வந்துவிட்டது, கழுத்துக்கு ஆரம் வந்துவிட்டது, தாமரைக்கு இதழ் பிரித்தாகிவிட்டது. முகத்தில் கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டே வண்ணம் தீட்டிய பெரியவர், மெல்லிய தூரிகையை எடுத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். முதலில் வெள்ளை, அது உலர்ந்தபின் கருவட்டம், கடைசியாக அந்தக் கருப்புக்குள் கடுகளவு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளி விழுந்த கணத்தில் பொம்மை என்னைப் பார்த்தது.

நான் பல ஆண்டுகளாகப் புதுச்சேரியில் கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சும் கட்டுரையும் பழக்கி வருகிறேன். சீன மொழியையும் கொஞ்சம் கற்றிருக்கிறேன். அன்று திண்ணையில் நான் கண்டதைச் சீனர்கள் நான்கே எழுத்துகளில் அடக்கி வைத்திருக்கிறார்கள். ‘ஹுவா லுங் தியென் ஜிங்’ என்பது அந்தத் தொடர். ஹுவா என்றால் வரைதல், லுங் என்றால் டிராகன், தியென் என்றால் புள்ளியிடுதல், ஜிங் என்றால் கண்மணி. டிராகனை வரைந்து அதன் கண்மணிக்குப் புள்ளியிடுதல் என்பது முழுப்பொருள். ஒரு பேச்சிலோ எழுத்திலோ திட்டத்திலோ, மற்ற அனைத்துக்கும் உயிர் தருகிற ஒற்றைத் தொடுகையைச் சுட்ட இதைப் பயன்படுத்துகிறார்கள். மையக் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்பும் தமிழருக்கு இத்தொடர் மிக நன்றாகப் பயன்படும். ஆனால் இதைக் கையாளுவதில் சில நுட்பங்கள் உண்டு, அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதையைத் தெரிந்துகொள்ளாமல் தொடரைக் கையில் எடுக்கக் கூடாது. சீனாவின் தென்பகுதியை 502 முதல் 557 வரை ஆண்ட லியாங் மரபின் காலத்தில் ஜாங் செங்யோ என்னும் ஓவியர் இருந்தார். அப்போதைய பேரரசர் வூ பௌத்தத்தில் பற்று மிக்கவர். கோயில்களுக்கு ஓவியம் தீட்டும் பணி அடிக்கடி இவரிடம்தான் வந்தது. இன்று நான்ஜிங் எனப்படும் நகரத்தின் ஆன்லெ கோயில் சுவரில் இவர் நான்கு வெள்ளை டிராகன்களை வரைந்தார், ஆனால் எதற்கும் கண்மணி வைக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், வைத்தால் பறந்துவிடும் என்று சொல்வாராம். கேட்டவர்கள் இதை வெறும் பிதற்றலாக எண்ணி, வைத்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அவரும் இரண்டு டிராகன்களுக்கு வைத்தார். இடி இடித்து மின்னல் சுவரைப் பிளக்க, அவை இரண்டும் மேகமேறி வானத்துக்குப் போய்விட்டன. கண்மணி பெறாத இரண்டும் சுவரிலேயே தங்கிவிட்டன. டாங் மரபுக் காலத்தில், 847ஆம் ஆண்டில் எழுதப்பட்ட ஓவிய வரலாற்று நூல் ஒன்றில் இக்கதை இருக்கிறது.

பறந்த இரண்டை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள். எழுதக் கற்பவர் நினைவில் வைக்க வேண்டியவை தங்கிவிட்ட இரண்டும்தான். அவற்றுக்கும் செதில் இருந்தது, நகம் இருந்தது, மீசை இருந்தது. வரைந்ததும் அதே கைதான். என்னிடம் திருத்தத்துக்கு வரும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த இனம். தகவல் சரியாக இருக்கும், நடை சரியாக இருக்கும், சுவரை விட்டு மட்டும் நகராது.

உச்சரிப்பைப் பார்ப்போம். மாண்டரின் சீனத்தில் சொல்லின் தொனி மாறினால் பொருள் மாறும் என்பதும், அடிப்படைத் தொனிகள் நான்கு என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். இத்தொடரில் அந்த நான்கும் ஒவ்வொன்றும் ஒருமுறை வருகின்றன என்பது தற்செயலான நல்வாய்ப்பு. தொனி பழகுவோருக்கு இதைவிடச் சிறிய பயிற்சிப் பாடம் கிடைக்காது. ஹுவா என்பது நான்காம் தொனி: தொல்லை தரும் பூனையை விரட்ட ‘போ!’ என்று அதட்டும்போது குரல் மேலிருந்து சட்டென விழுகிறதே, அப்படி. லுங் என்பது இரண்டாம் தொனி: நம்ப முடியாத செய்தியைக் கேட்டு ‘ஆமா?’ என்னும்போது குரல் ஏறுவதைப் போல. தியென் என்பது மூன்றாம் தொனி. தனியே சொன்னால் குரல் பள்ளத்தில் இறங்கி ஏறும், ஆனால் இங்கே அடுத்து முதல் தொனி வருவதால் இறங்கிய இடத்திலேயே தாழ்ந்து நின்றால் போதும். ஜிங் என்பது முதல் தொனி: சுருதிப்பெட்டி போல உயரத்தில் ஒரே சீராக நிற்க வேண்டும். பெய்ஜிங் என்னும் நகரப் பெயரின் ஈற்றசையும் ஒலியிலும் தொனியிலும் இதேதான், எழுத்து மட்டும் வேறு.

மெய்யொலிகளில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. தியென், ஜிங் ஆகியவற்றின் முதல் ஒலிகள் அதிர்வில்லாதவை, மூச்சு வெடிக்காதவை. ஜிங் என்று நான் எழுதுவது வழக்கம் கருதித்தான். ‘பச்சை’ என்னும் சொல்லின் நடுவிலுள்ள ஒலியைத் தொடக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மையான ஒலிக்கு மிக அருகில் வந்துவிடலாம். வல்லினத்தை மூச்சின்றி ஒலிப்பது நமக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

அடுத்தது மொழிபெயர்ப்பு. தடுக்கி விழும் இடம் இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘டிராகனுக்குப் புள்ளி வைத்தல்’ என்று எழுதினால், தமிழ்க் காதுக்கு முற்றுப்புள்ளி நினைவுக்கு வரும். ஒரு விவகாரத்துக்குப் புள்ளி வைத்தல் என்றால் அதை முடித்துவிடுதல். உயிர் கொடுப்பதைச் சொல்ல வந்து கதையை முடிப்பதைச் சொல்லிவிடுவோம். சரி, ‘கண் வைத்தல்’ என்போமா? அது இன்னும் மோசம். அடுத்த வீட்டு மாடு நன்றாகக் கறக்கிறது என்று கண் வைப்பவர்களுக்காகத்தான் நாம் திருஷ்டிப் பூசணிக்காய் உடைக்கிறோம். ‘கண் திறத்தல்’ என்பதே பொருத்தமான தமிழ். கோயிலில் புதிய திருமேனிக்குச் சிற்பி கண் திறக்கும் சடங்கு நமக்கு நன்கு தெரிந்தது. கல்லாக இருந்தது சாமியாகும் நேரம் அது. சீனர்களும் சிங்க ஆட்டத்துக்கான புதிய சிங்கத்துக்கும் படகுப் போட்டிக்கான டிராகன் படகுக்கும் சிவப்பு மையால் கண் தீட்டித்தான் களத்தில் இறக்குகிறார்கள். இரு நாட்டுக்கும் பொதுவான செயல் கையில் இருக்கும்போது, அதற்குரிய சொல்லை விட்டுவிட்டு வேறு தேட வேண்டியதில்லை.

‘முத்தாய்ப்பு’ இருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். முத்தாய்ப்பு அழகான சொல். ஆனால் அது முடிவில் வருவது, பாடிய அனைத்தையும் நிறைவுசெய்து வைப்பது. கண் திறத்தல் முடிவில்தான் வர வேண்டும் என்பதில்லை. இரண்டாம் பத்தியில் வரலாம், தலைப்பிலேயே வரலாம், ஒரு வினையெச்சத்தை மாற்றியதாலும் வரலாம். ‘மகுடம் சூட்டுதல்’ என்பதோ அலங்காரம். மகுடத்தைக் கழற்றினாலும் அரசன் உயிரோடுதான் இருப்பான். வேலைக்கேற்ற சொல் என்றுதான் தேர்ந்துகொள்ள வேண்டும்.

டிராகன் என்னும் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சீனத்து லுங் மழை தருவது, மங்கலமானது. ‘அரக்கப் பாம்பு’ என்று பெயர்த்தால் கேட்பவர் அதைக் கொல்ல வீரனைத் தேடுவார்.

இனிக் கையாளும் முறை. முதல் வேலை, உங்கள் விஷயத்தின் கண் எது என்று கண்டுபிடிப்பது. இதற்கு நான் மாணவர்களுக்குத் தரும் சோதனை மிகச் சாதாரணமானது. கடலூர் பேருந்து நிலையத்தில் புதுச்சேரி வண்டி கிளம்பிவிட்டது; சன்னலோரத்தில் உங்கள் நண்பர்; நீங்கள் கீழே நின்று, வண்டி நகரும் அந்தச் சில நொடிகளில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதைச் சொல்வீர்கள்? ‘அதாவது, பின்னணி என்னவென்றால்’ என்று தொடங்கினால் வண்டி போய்விடும். அந்த நேரத்தில் வாயில் வரும் வாக்கியம் பெரும்பாலும் கட்டுரையில் எழுதப்படாமலேயே இருக்கும் என்பதுதான் வேடிக்கை.

இரண்டாவது வேலை, டிராகனை முழுதாக வரைவது. தொடரின் சொல்வரிசையே இதைச் சொல்கிறது: முதலில் ஹுவா லுங், பிறகுதான் தியென் ஜிங். உடல் இல்லாத கண் பயமுறுத்தத்தான் உதவும். சான்றும் காரணமும் இல்லாமல் அழுத்தமான வாக்கியம் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, கண் திறந்துவிட்டேன் என்று மகிழும் இளைஞர்களை நிறையப் பார்க்கிறேன்.

மூன்றாவது வேலை, தொடரை எங்கே, எதன்மேல் பொருத்துவது என்று முடிவுசெய்வது. ஓர் எடுத்துக்காட்டோடு விளக்குகிறேன். மாணவி ஒருவர் தானே புயலைப் பற்றி ஐந்து நிமிடப் பேச்சு எழுதி வந்தார். 2011 டிசம்பர் 30 காலையில் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது, மின்கம்பங்கள் சாய்ந்தன, படகுகள் உடைந்தன, பண்ணுருட்டிப் பக்கத்தில் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு விழுந்தன, நிவாரணம் எப்படி அமைய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார். எதிலும் பிழையில்லை. பேருந்துச் சோதனையை வைத்தேன். சிறிது யோசித்துவிட்டு, “நெல்லு போனா அடுத்த பட்டத்துல வந்துரும் சார், பலா போனா அப்படி வராதுல்ல” என்றார். கண் அங்கே இருந்தது, பேச்சில்தான் இல்லை. அவர் பாட்டி வீடு பண்ணுருட்டிக்குப் பக்கம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வரியை மெருகேற்றி இப்படி வைத்தோம்: ‘விழுந்த நெற்பயிர் அடுத்த பட்டத்தில் எழும், இன்று நடும் பலாக்கன்று காய்ப்பதற்குள், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும்.’ சீனத் தொடரை இதற்கு முன்னால் கொண்டுவந்தோம்: ‘அரிசி, தார்ப்பாய், ரொக்கம் என்று நிவாரணத்தின் உடலை நாம் நன்றாகவே வரையலாம். சீனர்கள் சொல்வது போல, டிராகனுக்குக் கண் திறக்க வேண்டுமானால், கன்று காய்க்கும் வரை அந்தக் குடும்பம் எதை நம்பி இருக்கும் என்ற கேள்விக்கு விடை வேண்டும்.’ அதன்பின் பலாக்கன்று வரி. பிறகு அவர் எதையும் விளக்கவில்லை. அரை நிமிடம் பேசி முடித்துக்கொண்டார்.

இந்த எடுத்துக்காட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடர் பேச்சின்மேல் பொருத்தப்படவில்லை, பேசப்பட்ட விஷயத்தின்மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. ‘நான் இப்போது சொன்ன வாக்கியம்தான் டிராகனின் கண்’ என்று ஒருவர் தம்மைப் பற்றியே சொன்னால் அது தற்புகழ்ச்சி. சீனத்திலும் இது பிறரைப் பாராட்டும் தொடர். சீனர் ஒருவர் உங்கள் அறிக்கையில் ஒரு வரியைத் திருத்தி, அதனால் முழு அறிக்கையும் நிமிர்ந்தால், ‘ஜென் ஷி ஹுவா லுங் தியென் ஜிங்’, அதாவது உண்மையிலேயே கண் திறந்துவிட்டீர்கள் என்று சொல்லுங்கள், முகம் மலரும். எழுத்தில் ஒரு குறிப்பிட்ட வரியைச் சுட்ட, தொடரின் ஈற்றில் ‘ஜி பி’ என்று சேர்த்துக் கண் திறந்த தூரிகைவீச்சு என்பார்கள். கட்டுரை மதிப்புரைகளில் இந்த வடிவம் நிறையக் கண்ணில் படும்.

கதையைச் சொல்வதா, தொடரை மட்டும் சொல்வதா? என் அனுபவத்தில், கேட்பவருக்குத் தொடர் புதிதென்றால் மூன்று வாக்கியங்களுக்குள் கதையை முடித்துவிட வேண்டும்: ஓவியர் கண் வைக்கவில்லை, வற்புறுத்தினார்கள், வைத்ததும் பறந்தது. அரசமரபு, கோயில், ஆண்டு எல்லாம் உங்கள் மனத்தில் இருந்தால் போதும். பணிநிறைவு விழா ஒன்றில் நான் இதை மீறினேன். ஓய்வுபெறும் நண்பர் அலுவலகத்துக்குச் செய்த ஒரேயொரு பெரிய மாற்றத்தைச் சொல்ல வந்து, லியாங் மரபிலிருந்து தொடங்கி ஏழு நிமிடம் பேசிவிட்டேன். விருந்தில் சாம்பார் ஊற்றியவர் உட்பட மூன்று பேர், மற்ற இரண்டு டிராகன்களும் இன்னும் சுவரில் இருக்கின்றனவா என்று கேட்டார்கள். நண்பரின் மாற்றத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

இப்படிச் செய்வதற்கும் சீனர்களிடம் நான்கெழுத்துத் தொடர் இருக்கிறது: ‘ஹுவா ஷெ தியென் ஜு’, பாம்பை வரைந்து கால் சேர்த்தல். பழைய சீனாவின் அரசுகளுள் ஒன்றான சூ நாட்டில் சிலருக்கு ஒரு குவளை மது கிடைத்தது. எல்லோருக்கும் போதாது, ஒருவர் குடித்தால் தாராளம். தரையில் பாம்பை முதலில் வரைந்து முடிப்பவருக்கே மது என்று பேசிக்கொண்டார்கள். முதலில் முடித்தவன் இடக்கையில் குவளையை எடுத்துக்கொண்டு, நேரம் இருக்கிறதே என்று வலக்கையால் பாம்புக்குக் கால் வரையத் தொடங்கினான். அதற்குள் இரண்டாமவன் முடித்துவிட்டான். குவளையைப் பிடுங்கி, ‘பாம்புக்கு ஏது கால்?’ என்று கேட்டுக் குடித்துவிட்டான். இக்கதையைச் சொன்ன இடம்தான் முக்கியம். வெய் நாட்டை வென்ற சூ நாட்டுத் தளபதி ஜாவ் யாங் அடுத்து ச்சி நாட்டின்மேல் பாயக் கிளம்பியபோது, சென் ஜென் என்னும் தூதர் போய், ‘வெற்றிக்கு உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பதவி எது?’ என்று கேட்டு, அதற்கு மேல் பதவியே இல்லை என்பதை அவர் வாயாலேயே வரவழைத்துவிட்டு, இக்கதையைச் சொன்னார். படை திரும்பிப் போயிற்று. கதை நீளவில்லை, சரியான இடத்தில் விழுந்தது, அதன்பின் சொல்ல வேறொன்றும் மிச்சமில்லை. பாம்புக் கதையையே டிராகனின் கண்ணாக ஆக்கிவிட்டார் அந்தத் தூதர்.

இரண்டு தொடர்களும் ஒரே தோற்றம் கொண்டவை. இரண்டும் ஹுவா என்றே தொடங்குகின்றன, மூன்றாம் அசையும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழும், பொருளோ நேரெதிர். பாராட்ட நினைத்து மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். எழுதியதைச் சரிபார்க்கவும் இந்த இணை உதவும்: அழுத்தமான வரிக்குப் பின்னால் வரும் வாக்கியங்களை ஒவ்வொன்றாக விரலால் மறைத்துப் பாருங்கள், மறைத்தபோது இழப்பு தெரியவில்லை என்றால் அது கால்.

ஒரு பேச்சுக்கு ஒருமுறைதான் இத்தொடர். இரங்கல் கூட்டத்தில் வேண்டாம். மழைநீர் தேங்குகிறது என்று நகராட்சிக்கு எழுதும் மனுவிலும் வேண்டாம். அங்கே கண் திறக்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதால் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை’ என்ற வரியை முதல் வாக்கியமாக்கினால் போதும். சீனத்தில் இப்படி நேரே விஷயத்துக்கு வருவதை ‘காய் மென் ஜியென் ஷான்’, கதவைத் திறந்தால் மலை, என்பார்கள்.

கடைசியாக, சீன எழுத்தில் அச்சிடப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான்காம் எழுத்தாகிய ஜிங், இடப்பக்கத்தில் கண்ணைக் குறிக்கும் உறுப்பையும் வலப்பக்கத்தில் ஒலியைக் காட்டும் உறுப்பையும் கொண்டது. மொத்தம் 13 கோடுகள். கண் உறுப்பின் உள்ளே இரண்டு குறுக்குக் கோடுகள் இருக்கும். அவற்றுள் ஒன்றை விட்டுவிட்டால் அது சூரிய உறுப்பாகி, எழுத்து ‘ச்சிங்’ ஆகி, வானம் வெளுத்திருக்கிறது என்று பொருள்படும். சீனப் பள்ளிப் பிள்ளைகளே அடிக்கடி செய்யும் பிழை இது. புதுச்சேரியில் தெரிந்தவர் ஒருவர் வரவேற்புப் பதாகைக்கு இத்தொடரைக் கேட்டு வாங்கிப் போனார்; அச்சகத்தில் யாரோ கணினியில் அடுத்திருந்த எழுத்தைத் தேர்ந்துவிட்டார்கள். பதாகை கட்டிய பிறகுதான் நான் பார்த்தேன். ஏணி கொண்டுவரச் சொல்லி, கறுப்பு மார்க்கரால் அந்த ஒரு கோட்டை நானே போட்டேன்.